இரண்டு வர்ஜீனியாக்கள் இடம் மாறியது எப்படி?

1996 நவம்பரில் நடந்த அமெரிக்க அதிபர் தேர்தலில் மேற்கு வர்ஜீனியா மாநிலம் ஜனநாயகக் கட்சியின் பில் கிளின்டனுக்கு 51 சதவீதத்துக்கு மேல் வாக்களித்தது. குடியரசுக் கட்சியின் பாப் டோலுக்கு அங்கே 37 சதவீதம்கூடக் கிடைக்கவில்லை. மலையைத் தாண்டிக் கிழக்கே இருக்கும் வர்ஜீனியாவில் அதே நாளில் ஜெயித்தது டோல்தான். அப்போது இதில் யாருக்கும் வியப்பில்லை. 1976, 1980, 1988 தேர்தல்களிலும் இதே கதைதான்: மேற்கு வர்ஜீனியா ஜனநாயகக் கட்சிக்கு, வர்ஜீனியா குடியரசுக் கட்சிக்கு.

இன்று அப்படியே தலைகீழ். 2008 முதல் 2024 வரை ஐந்து அதிபர் தேர்தல்களிலும் வர்ஜீனியா ஜனநாயகக் கட்சியைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறது. மேற்கு வர்ஜீனியா அந்த ஐந்திலும் எதிர்ப்பக்கம். 2024இல் அங்கே டிரம்ப் வாங்கிய வாக்கு 70 சதவீதத்தைத் தொட்டது. மாவட்டம் போன்ற 55 கவுண்டிகளில் ஒன்றைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை.

இத்தனைக்கும் இரண்டும் 1863 வரை ஒரே மாநிலம். அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென் மாநிலங்களோடு வர்ஜீனியா சேர்ந்துகொண்டபோது, அதற்கு உடன்படாத மலைப்பகுதிக்காரர்கள் தனி மாநிலமாகி லிங்கனின் பக்கம் நின்றார்கள். பக்கத்துப் பக்கத்து மாநிலங்கள், பழைய உறவுக்காரர்கள், ஆனால் இருபது முப்பது ஆண்டுகளில் ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள். அமெரிக்காவில் மாநிலங்கள் ஏன் கட்சி மாறுகின்றன என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. பொதுவாகச் சொல்லப்படும் ஒற்றை வரிக் காரணம் எதுவும் இந்த இரண்டு மாநிலங்களையும் சேர்த்து விளக்காது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். தேர்தல் இரவில் தொலைக்காட்சி வரைபடத்தில் ஒரு மாநிலம் சட்டென்று நிறம் மாறுவதைப் பார்த்தால், அங்கிருக்கும் மக்கள் ஒட்டுமொத்தமாக மனம் மாறிவிட்டதுபோல் தோன்றும். மெய்ன், நெப்ராஸ்கா தவிர மற்ற எல்லா மாநிலங்களிலும் ஒரு வாக்கு அதிகம் வாங்கியவருக்கே அந்த மாநிலத்தின் மொத்தத் தேர்வாளர் வாக்குகளும் (அதிபரைத் தேர்ந்தெடுக்க ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒதுக்கப்பட்ட வாக்குகள்) போய்விடும் என்பதால் வரும் தோற்றம் இது. உள்ளே பார்த்தால் மாற்றம் பல ஆண்டுகளாக ஊறிக்கொண்டிருந்திருக்கும். வர்ஜீனியாவின் பெரிய கவுண்டியான ஃபேர்ஃபாக்ஸ் 2004இலேயே ஜனநாயகக் கட்சியின் ஜான் கெர்ரிக்கு வாக்களித்துவிட்டது. 1964க்குப் பிறகு அங்கே அந்தக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஜெயித்தது அதுவே முதல் முறை. ஆனால் மாநிலத்தை ஜார்ஜ் புஷ் எளிதாக எடுத்துக்கொண்டார். அதனால் அந்தச் செய்தி பெரிதாகப் பேசப்படவில்லை. நான்கே ஆண்டுகளில் ஒபாமா மொத்த மாநிலத்தையும் வென்றார்.

சரி, மலைப்பக்கம் முதலில் போவோம். மேற்கு வர்ஜீனியா என்றாலே ஜனநாயகக் கட்சியின் பழைய கோட்டை என்பார்கள். அந்தக் கோட்டையும் ஒரு மாற்றத்தில் எழுந்ததுதான். 1896 முதல் 1928 வரை, 1912 ஒன்றைத் தவிர, எல்லா அதிபர் தேர்தலிலும் அங்கே ஜெயித்தது குடியரசுக் கட்சி. அந்தக் காலத்து நிலக்கரி ஊர்களில் வீடு, கடை, மருத்துவர் எல்லாமே கம்பெனியுடையவை. பல சுரங்கங்களில் கூலியைப் பணமாகத் தராமல், கம்பெனியே அடித்த வில்லைகளாகத் தந்தார்கள். அந்த வில்லை கம்பெனிக் கடையில் மட்டும் செல்லும். கடையின் விலையும் கம்பெனி வைப்பதே. சங்கம் சேர்ந்தால் வேலை மட்டுமா போகும், அன்றைக்கே வீட்டையும் காலி செய்ய வேண்டும். 1921இல் லோகன் கவுண்டியின் பிளேர் மலையில் சுமார் பத்தாயிரம் தொழிலாளர்கள் கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை கட்டிக்கொண்டு துப்பாக்கியோடு திரண்டார்கள். கடைசியில் ராணுவம் வந்துதான் அந்தப் போர் நின்றது. சங்கம் நொறுங்கிப்போனது.

அதை மீட்டது ரூஸ்வெல்ட் அரசின் 1933ஆம் ஆண்டுச் சட்டம். தொழிலாளர்கள் சங்கம் சேரலாம், முதலாளியோடு கூட்டாகப் பேரம் பேசலாம் என்று அது சொன்னதும் சுரங்கத் தொழிலாளர் சங்கம் மலைகளில் மளமளவென்று பரவியது. அதன் தலைவர் ஜான் லூயிஸ் 1946இல் அரசோடு செய்த ஒப்பந்தத்தால் சங்கத்துக்கு மருத்துவ, ஓய்வூதிய நிதி கிடைத்தது. கால் போனவனுக்குச் சிகிச்சையும், நெஞ்சில் கரித்தூள் படிந்து மூச்சு வாங்கும் கிழவனுக்குப் பென்ஷனும் அதிலிருந்து வந்தன. அங்கே ஜனநாயகக் கட்சி என்றால் இதெல்லாம்தான். அது ஒரு கொள்கைப் பட்டியலாக அவர்களிடம் வரவில்லை. மருத்துவமனை அட்டையாகவும் மாதாமாதம் வரும் காசோலையாகவும் வந்தது. 1961இல் கென்னடி அரசு, ஏழைகள் உணவு வாங்கிக்கொள்ள உதவும் உணவு முத்திரைத் திட்டத்தைச் சோதனையாகத் தொடங்கியபோது, முதல் முத்திரைகள் இந்த மாநிலத்தின் மெக்டவல் கவுண்டியில் ஒரு குடும்பத்துக்குத்தான் தரப்பட்டன.

இனி வழக்கமான விளக்கத்துக்கு வருவோம். நிலக்கரி வேலை போனது, சுற்றுச்சூழல் விதிகளைக் கொண்டுவந்த ஜனநாயகக் கட்சி மீது கோபம் வந்தது, மக்கள் மாறிவிட்டார்கள் என்பது அது. கேட்கச் சரியாக இருக்கிறது, ஆனால் காலக்கணக்கு ஒத்துவரவில்லை. 1950 வாக்கில் அந்த மாநிலத்தில் சுமார் 1,25,000 பேர் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை பார்த்தார்கள். இயந்திரங்கள் வந்த பிறகு, 1960களின் தொடக்கத்தில் அது 50 ஆயிரத்துக்கும் கீழே போய்விட்டது. 2000இல் 20 ஆயிரம்கூட இல்லை. மெக்டவல் கவுண்டியின் மக்கள்தொகை 1950இல் ஏறக்குறைய ஒரு லட்சம். 2020 கணக்கெடுப்பில் 20 ஆயிரத்துக்கும் குறைவு. பெரிய வேலையிழப்பு முழுவதும் நடந்து முடிந்த காலத்தில் மாநிலம் ஜனநாயகக் கட்சியோடுதான் இருந்தது. ரீகன் அலையில் நாடே குடியரசுக் கட்சிக்குப் போன 1980இல் ஜனநாயகக் கட்சியின் கார்ட்டர் ஜெயித்த மாநிலங்கள் ஆறே ஆறு. அதில் மேற்கு வர்ஜீனியாவும் ஒன்று.

ஆகவே வறுமையோ வேலையிழப்போ தானாக ஒருவரைக் கட்சி மாற்றிவிடாது. என் கணிப்பில், உண்மையில் அறுந்தது வேலைக்கும் கட்சிக்கும் நடுவே இருந்த கயிறு, அதாவது சங்கம். 1980களில் சில பெரிய நிறுவனங்கள் சங்கம் இல்லாமலே சுரங்கம் நடத்தத் துணிந்தன. மிங்கோ கவுண்டியை உலுக்கிய, மாஸ்ஸி நிலக்கரி நிறுவனத்துக்கு எதிரான 1984-85 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு அந்தப் போக்கு வேகமெடுத்தது. சங்கம் இருந்தபோது தேர்தல் நேரத்தில் யார் நம்மாள், ஏன் என்று சங்கக் கூடத்தில் பேச்சு நடக்கும். அந்தக் கூடம் மூடப்பட்ட ஊரில் அரசியல் பேச மிஞ்சியவை தேவாலயமும் துப்பாக்கி உரிமைக் குழுக்களும் கேபிள் தொலைக்காட்சியும்தான்.

சங்கத்தின் பலம் எவ்வளவு என்பதற்கு எல்லைக்கு அந்தப் பக்கம், வர்ஜீனியாவின் தென்மேற்கு மூலையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 1988இல் பிட்ஸ்டன் நிலக்கரி நிறுவனம் ஓய்வுபெற்றவர்கள், விதவைகள், ஊனமுற்றவர்கள் என்று சுமார் 1,500 பேரின் மருத்துவ உதவியை நிறுத்தியது. தொழிலாளர்கள் 1989 ஏப்ரலில் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். நவம்பரில் மாநிலச் சட்டமன்றத் தேர்தல் வந்தது. பல ஆண்டுகளாக அந்தத் தொகுதியைக் கையில் வைத்திருந்த ஜனநாயகக் கட்சி உறுப்பினர் தங்கள் பக்கம் நிற்கவில்லை என்று தொழிலாளர்களுக்குக் கோபம். தேர்தலுக்குச் சில வாரங்களே இருக்கையில் சங்கத் தலைவர் ஜாக்கி ஸ்டம்ப்பை நிறுத்தினார்கள். வாக்குச்சீட்டு அச்சாகிவிட்டதால் அதில் அவர் பெயர் இல்லை; வாக்காளர்கள் பெயரைத் தாங்களே எழுதித்தான் வாக்களிக்க வேண்டும். எழுதினார்கள். ஸ்டம்ப் பெரும் வித்தியாசத்தில் ஜெயித்தார். அப்படி ஒழுங்கு சேர்ந்த வாக்காளர்கள் வாழ்ந்த புக்கனன் கவுண்டியில் 2020இல் டிரம்ப்புக்கு 80 சதவீதத்துக்கு மேல் வாக்கு.

கயிறு அறுந்த நேரத்தில் கட்சியின் பொருளும் மாறிக்கொண்டிருந்தது. 1990களில் ஜனநாயகக் கட்சி துப்பாக்கிக் கட்டுப்பாடு, கருக்கலைப்பு உரிமை, புவி வெப்பமாதல் ஆகியவற்றின் கட்சியாகத் தெரியத் தொடங்கியது. வேட்டைக்காலம் தொடங்கினால் ஊரே காட்டுக்குள் போகும் ஒரு மாநிலத்தில், தாக்குதல் ரகத் துப்பாக்கிகளைத் தடைசெய்த 1994ஆம் ஆண்டின் சட்டம் வெறும் சட்டமாகப் பார்க்கப்படவில்லை. புவி வெப்பமாதலைக் கட்டுப்படுத்தும் கியோட்டோ ஒப்பந்தத்துக்கு முகமாக இருந்த அல் கோர் 2000இல் வேட்பாளராக வந்ததும் புஷ் தரப்பு வாய்ப்பை மோப்பம் பிடித்து அங்கே பணமும் நேரமும் செலவழித்தது. புஷ் சுமார் ஆறு சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார். அந்த ஆண்டு புஷ்ஷுக்குக் கிடைத்த மொத்தத் தேர்வாளர் வாக்குகள் 271. வெற்றிக்குத் தேவை 270. மேற்கு வர்ஜீனியாவின் 5 வாக்குகள் கோருக்குப் போயிருந்தால் அவர்தான் அதிபர். ஃபுளோரிடாவில் வாக்குகளை மறுபடி எண்ணுவதா வேண்டாமா என்று நடந்த இழுபறி முடிவை மாற்றியிருக்காது. உலகமே ஃபுளோரிடாவைப் பார்த்துக்கொண்டிருந்ததால் இது பலருக்கு நினைவில்லை.

ஒபாமா காலத்தில் சரிவு சறுக்கலானது. 2012 ஜனநாயகக் கட்சி உட்கட்சித் தேர்தலில், டெக்சாஸ் சிறையில் இருந்த ஒரு கைதி ஒபாமாவை எதிர்த்து மனு போட்டு மேற்கு வர்ஜீனியாவில் 41 சதவீத வாக்கு வாங்கினார். இதில் நிறத்துவேஷம் இல்லை என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். அது மட்டும்தான் என்று சொன்னால் அதுவும் நிற்காது: வறுமையிலும் வறுமையான மெக்டவல் 2008இல் ஒபாமாவுக்குத்தான் பெரும்பான்மை தந்தது. அப்புறம் நான்கே ஆண்டுகளில் கைவிட்டது. இடையில் நடந்தது மின்நிலையங்கள் மீதான புதிய விதிகளும், பாறை எரிவாயு மலிந்து நிலக்கரியை விரட்டியதும். இரண்டாவதுதான் பெரிய அடி. ஆனால் எரிவாயு விலைக்கு வாக்குச்சாவடியில் தண்டனை தர முடியாது, ஒரு கட்சிக்குத் தரலாம். 2016இல் ஹிலாரி கிளின்டன், நிறையச் சுரங்கத் தொழிலாளர்களையும் நிறுவனங்களையும் தொழிலிலிருந்து வெளியேற்றப் போகிறோம் என்ற பொருளில் பேசிய வாக்கியம் வெளியானது. அவர்களுக்கு மாற்று வேலை தர வேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் பேச்சே. மலைகளில் யாரும் மீதியைக் கேட்கத் தயாராக இல்லை.

இப்போது கிழக்கே. வர்ஜீனியாவின் கதையில் மனம் மாறியவர்களைவிட ஆள் மாறியதே அதிகம். முன்னொரு காலத்தில் அங்கும் ஜனநாயகக் கட்சி ஆட்சிதான், ஆனால் அது வேறு ஜனநாயகக் கட்சி: ஹாரி பேர்ட் என்ற செனட்டரின் பிடியில் இருந்த, நிறப்பிரிவினையைக் காத்த கட்சி. வாக்களிக்க வேண்டுமானால் ஆண்டுக்கு ஒன்றரை டாலர் வீதம் மூன்று ஆண்டு வரியைத் தேர்தலுக்கு ஆறு மாதம் முன்பே கட்டியிருக்க வேண்டும். ஏழைகள், அதிலும் கறுப்பின மக்கள், வாக்குச்சாவடிப் பக்கமே வராதபடி செய்த ஏற்பாடு அது. 1966இல்தான் உச்ச நீதிமன்றம் அந்த வரியை ஒழித்தது. வெள்ளைக் குழந்தைகளோடு கறுப்பினக் குழந்தைகளைச் சேர்க்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னபோது பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி 1959 முதல் 1964 வரை அரசுப் பள்ளிகளையே மூடிவைத்தது.

தேசிய அளவில் ஜனநாயகக் கட்சி கறுப்பின மக்களுக்குச் சம உரிமை தரும் சட்டங்களின் பக்கம் நகர நகர, இந்தப் பழைய ஆட்கள் அதிபர் தேர்தல்களில் குடியரசுக் கட்சிக்குப் போனார்கள். 1952 முதல் 2004 வரை வர்ஜீனியாவில் ஜனநாயகக் கட்சி ஜெயித்தது 1964இல் ஒரே ஒரு முறை. தெற்கு முழுவதும் நடந்த மாற்றத்தின் ஒரு துண்டு இது. கட்சி என்ன சொல்கிறது என்பது மாறியதால் வந்த மாற்றம். அங்கிருந்த வெள்ளையர்களின் எண்ணம் பெரிதாக மாறவில்லை.

பிறகு வாஷிங்டன் நகரம் போட்டோமாக் ஆற்றைத் தாண்டி வளரத் தொடங்கியது. பென்டகன், ஒப்பந்த நிறுவனங்கள், டல்லஸ் விமான நிலையம், 1990களின் இணைய அலை, 2001க்குப் பிந்திய பாதுகாப்புச் செலவு எல்லாம் வடக்கு வர்ஜீனியாவில் வேலைகளைக் கொட்டின. லவுடன் கவுண்டியைப் பாருங்கள். குதிரைப் பண்ணைகளும் வயல்களுமாக இருந்த அந்த இடத்தில் 1990இல் 86 ஆயிரம் பேர். 2020இல் 4,20,000க்கும் மேல். உலக இணையப் போக்குவரத்தில் கணிசமான பங்கைத் தாங்கும் தரவு மையங்கள் அங்குள்ள ஆஷ்பர்ன் சுற்றுவட்டாரத்தில் நிற்கின்றன. கொரியர், வியட்நாமியர், எல் சால்வடோர்காரர்கள், நம்மூரிலிருந்து மென்பொருள் வேலைக்குப் போனவர்கள் என்று வடக்கு வர்ஜீனியாவே பல மொழி பேசும் இடமானது. 2004இல் லவுடனில் புஷ் ஜெயித்தார். 2020இல் அங்கே பைடனுக்கு 60 சதவீதத்துக்கு மேல்.

இந்த மாற்றம் நடுவழியில் இருந்தபோது, 2006 ஆகஸ்டில் ஒரு காட்சி. மறுதேர்தலுக்கு நின்ற குடியரசுக் கட்சி செனட்டர் ஜார்ஜ் ஆலன், மாநிலத்தின் தென்மேற்குக் கோடியில் பிரேக்ஸ் என்ற இடத்தில் பேசினார். எதிரணிக்காக அதை வீடியோ எடுத்துக்கொண்டிருந்த இந்திய வம்சாவளி இளைஞர் ஒருவரைக் காட்டி, குரங்கினத்தைக் குறிக்கும் ஒரு சொல்லால் அழைத்தார். அமெரிக்காவுக்கும் வர்ஜீனியாவின் நிஜ உலகத்துக்கும் நல்வரவு என்றும் சொன்னார். கூட்டம் சிரித்தது. அந்த இளைஞர் பிறந்து வளர்ந்தது ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில். அந்த வீடியோ நாடெங்கும் ஓடியது. ஆலன் பத்தாயிரத்துக்கும் குறைவான வாக்குகளில் தோற்றார். வந்தவர்களை வந்தேறிகள் என்று நினைத்த ஒருவர், அவர்கள்தான் இப்போது மாநிலத்தின் எடை என்று வாக்கு எண்ணும்போது தெரிந்துகொண்டார்.

அந்தக் கூட்டம் நடந்த பிரேக்ஸும் நிலக்கரிப் பகுதிதான், புக்கனனுக்குப் பக்கம். வர்ஜீனியாவின் இந்த மலைக் கவுண்டிகள் மெக்டவலைப் போலவே குடியரசுக் கட்சிக்குப் போய்விட்டன. ஒரே பாறை, ஒரே தொழில், ஒரே சங்கம், ஒரே முடிவு. மாநில எல்லை எதையும் தடுக்கவில்லை. வித்தியாசம் எண்ணிக்கையில் மட்டும். புக்கனன் போகிற பக்கத்துக்கு வர்ஜீனியா போகவில்லை, ஏனென்றால் எதிர்த்தட்டில் ஃபேர்ஃபாக்ஸின் 11 லட்சம் பேர் இருக்கிறார்கள். மேற்கு வர்ஜீனியாவில் அப்படி ஒரு தட்டே இல்லை. 1950இல் 20 லட்சமாக இருந்த அதன் மக்கள்தொகை 2020இல் 18 லட்சத்துக்கும் கீழ். வேலை தேடும் வயதினர் வெளியேறினார்கள், வெளியாட்கள் வரவில்லை.

ஆனால் வெளியாட்கள் வந்தாலே ஜனநாயகக் கட்சி வளரும் என்று கணக்குப் போடுபவர்கள் மேற்கு வர்ஜீனியாவின் கிழக்கு முனையைப் பார்க்க வேண்டும். வாஷிங்டனின் வெளிவட்டம் பெர்க்லி கவுண்டி வரை நீண்டிருக்கிறது. மக்கள்தொகை வேகமாக வளர்கிறது. அங்கே டிரம்ப் பெரும் பெரும்பான்மையில் ஜெயிக்கிறார். வீடும் வரியும் மலிவு என்று தொலைதூரப் பயணத்துக்குத் துணிந்து அங்கே போகிறவரும், சம்பளம் உயர்ந்து லவுடனில் வீடு வாங்குகிறவரும் ஒரே ஆளாக இருப்பது அரிது. யார் வருகிறார், எதற்காக வருகிறார் என்பதைப் பார்க்காமல் தலையை மட்டும் எண்ணினால் தப்பாகிவிடும்.

வந்தவர்கள் வந்த இடத்திலேயே நிற்பார்கள் என்றும் இல்லை. கொரோனா காலப் பள்ளிச் சண்டைகளில் லவுடன் நாடறிந்த களமானது. 2021 ஆளுநர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் கிளென் யங்கின் ஜெயித்தார். 2025இல் ஜனநாயகக் கட்சியின் அபிகெயில் ஸ்பான்பெர்கர் அந்தப் பதவியைப் பெரிய வித்தியாசத்தில் மீட்டார். டெக்சாஸ் எல்லையோரத்தில் மக்கள் ஏறக்குறைய முழுவதும் ஹிஸ்பானியர்களான (லத்தீன் அமெரிக்க வழிவந்தவர்களான) ஸ்டார் கவுண்டி, நூறாண்டுக்கும் மேலாக ஜனநாயகக் கட்சியிடம் இருந்தது. 2024இல் டிரம்ப் அதை வென்றார். பிறப்பை வைத்து வாக்கைக் கணிக்கிறவர்களுக்கு இது பெரிய அடி. இப்போது கூடுதலாகப் பேசுவது கல்லூரிப் பட்டம். பட்டதாரி விகிதத்தில் மேற்கு வர்ஜீனியா நாட்டிலேயே கடைசி, வர்ஜீனியா முன்வரிசை. முப்பது ஆண்டுகளுக்கு முன் இது இவ்வளவு பெரிய கோடாக இல்லை.

இன்னொன்று, அதிபர் தேர்தலில் நடந்துவிட்ட மாற்றம் உள்ளூருக்கு வந்துசேரப் பல ஆண்டுகள் பிடிக்கும். அலபாமா 1964இலேயே அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சிக்கு வாக்களித்தது; அதன் சட்டமன்றம் அந்தக் கட்சியிடம் போனது 2010இல். வாஷிங்டன் கட்சி வேறு, நம்ம ஊர் ஆள் வேறு என்று மக்கள் பிரித்துப் பார்ப்பார்கள். அந்த ஊர் ஆள் இறக்கும்வரை, அல்லது ஓய்வுபெறும்வரை. மேற்கு வர்ஜீனியாவில் ராபர்ட் பேர்ட் 51 ஆண்டுகள் செனட்டராக இருந்து 2010இல் பதவியிலேயே இறந்தார். அந்த இடத்துக்கு நின்ற ஜோ மேன்சின், தன் கட்சி கொண்டுவந்த, கார்பன் வெளியேற்றத்தைக் கட்டுப்படுத்தும் மசோதாவைத் துப்பாக்கியால் சுடுவதாக விளம்பரம் எடுத்துத்தான் ஜெயிக்க முடிந்தது. 2014இல் சட்டமன்றத்தின் இரு அவைகளும் 80 ஆண்டுகளுக்குப் பிறகு கை மாறின. 2016இல் ஜனநாயகக் கட்சி ஆளுநராக ஜெயித்த ஜிம் ஜஸ்டிஸ், அடுத்த ஆண்டே டிரம்ப் கூட்ட மேடையில் கட்சி மாறினார்.

அந்த மாநிலத்தில் தொழிலாளர் உணர்வு செத்துவிட்டது என்று இதையெல்லாம் வைத்து முடிவு கட்டிவிட முடியாது. 2018 பிப்ரவரியில் 55 கவுண்டிகளின் ஆசிரியர்களும் சம்பளத்துக்காகவும் மருத்துவக் காப்பீட்டுக்காகவும் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கத் தலைவர்கள் ஆளுநரோடு உடன்பாட்டுக்கு வந்த பிறகும் பள்ளிக்குத் திரும்ப மறுத்தார்கள். பலர் கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை. ஊர்மக்கள் அவர்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார்கள், குடியரசுக் கட்சிச் சட்டமன்றம் பணிந்து 5 சதவீத உயர்வு தந்தது. அந்த நவம்பரில் மேன்சின் மூன்று புள்ளி வித்தியாசத்தில் தப்பினார். 2020இல் டிரம்ப்புக்கு மறுபடியும் 68 சதவீதத்துக்கு மேல். ஆசிரியர்களுக்குச் சாப்பாடு கொடுத்த பலரும் டிரம்ப்புக்கு வாக்களித்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். இரண்டையும் முடிச்சுப்போட அங்கே இப்போது எந்த அமைப்பும் இல்லை. 2024இல் மேன்சின் போட்டியிடவில்லை. அந்த செனட் இடம் ஜிம் ஜஸ்டிஸுக்குப் போனது.